தென்னையின் நோயை வானிலிருந்து தேடிய கொல்லங்கோட்டுக்காரர்: யார் இந்த பி.ஆர். பிஷாரடி?

உங்கள் ஊர் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கமா? அல்லது இடுக்கி மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கா? அப்படியானால் ஓலை வளைந்து, மஞ்சளாகிப்போன தென்னையின் படம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். கேரள வேர் வாடல் நோய். பெயரில்தான் கேரளா இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு.

அந்தப் படத்தை ஒரு ஏஐ செயலியிடம் கொடுத்து, நோய் இருக்கிறதா என்று கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். கேட்கலாம்தான். ஆனால் வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய அந்தப் படத்தில் நோயின் அடையாளம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? இது புரிய வேண்டுமென்றால், 50 ஆண்டுகளுக்கும் முன்பு இதே நோயை வானிலிருந்து படம் பிடித்துப் பார்த்த ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலிலிருந்து கேமராவுக்கு

பொள்ளாச்சி - பாலக்காடு ரயிலில் போயிருந்தால் கொல்லங்கோடு ஸ்டேஷனைக் கடந்திருப்பீர்கள். அந்த ஊரில் 1909 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர் பிஷாரடி. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட, பருவக்காற்று கோவை வரை நுழைந்துவரும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்து ஊர் அது. அங்கே பிறந்தவர் வானிலை விஞ்ஞானி ஆனதில் ஆச்சரியமில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் நேராக அங்கே போகவில்லை.

1930-களில் அவர் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். விடுமுறை வந்தால் பெங்களூருக்குப் போய் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி. 1942-ல்தான் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவில், நவீன வானிலையியலின் பெரிய பெயர்களில் ஒருவரான யாக்கோப் பியர்க்னஸிடம் படித்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1962-ல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர் அவர்தான்.

தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பெரும்பங்கு அரபிக்கடலிலேயே ஆவியாவது என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள், திருத்தினார்கள். அது தனிக்கதை.

1967-ல் விக்ரம் சாராபாய் அவரை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். அப்போது பிஷாரடிக்கு வயது 58. அரசு வேலையில் இருப்பவர்கள் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கத் தொடங்கும் வயது! அவர் புதிதாக ஒரு துறையைத் தொடங்கினார்.

கண்ணுக்குத் தெரியாத சிவப்பு

வேர் வாடல் நோய் முதலில் கவனிக்கப்பட்டது 1880-களின் வெள்ளத்துக்குப் பிறகு, இடுக்கி மலையடிவாரத்தில் இருக்கும் ஈராட்டுப்பேட்டை பகுதியில். அதன் பிறகு மத்தியக் கேரளம் முழுக்கப் பரவியது. மரம் உடனே சாகாது. வருஷக்கணக்கில் காய்ப்பு குறைந்து நலியும். 1970 வாக்கில் காரணம் எது என்பதே உறுதியாகத் தெரியாது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிதான் காரணம் என்பதற்கு 1983-ல்தான் ஆதாரம் கிடைத்தது. லட்சக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து எண்ணி முடியுமா?

பிஷாரடியும் வேளாண் விஞ்ஞானிகளும் தோப்புகளுக்கு மேலே பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் படம் எடுத்தார்கள். சோவியத் வானூர்தி, அமெரிக்கக் கருவி. பனிப்போர் காலத்தில் இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தியது இந்தியாவுக்கே உரிய சாமர்த்தியம்தான்.

ஏன் அகச்சிவப்பு? பச்சையம் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் நம் கண் பார்க்கிறது. ஆனால் ஆரோக்கியமான இலை, நம் கண்ணுக்கு எட்டாத அண்மை அகச்சிவப்பை அதைவிடப் பல மடங்கு பிரதிபலிக்கும். இலையின் உள்கட்டமைப்பு கெட்டால் அது மாறிவிடும். அந்தச் சுருளில் அகச்சிவப்பு சிவப்பு நிறமாகப் பதியும். நல்ல மரம் செக்கச்செவேல் என்றிருக்கும். இரண்டாம் உலகப் போரில் இலைதழை போல வேஷம் போட்ட ராணுவத் தளவாடங்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட அதே உத்தி.

படம் மட்டும் போதாது. எந்த மரம் நோயுற்றது என்று தரையில் நின்று உறுதி செய்து, அதைப் படத்தில் உள்ள நிறத்தோடு பொருத்த வேண்டும். நீங்கள் மெஷின் லேர்னிங் வேலையில் இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான்: லேபிள் போட்ட தரவு. அன்று அந்த வேலையை நியூரல் நெட்வொர்க் செய்யவில்லை, மனிதக் கண் செய்தது. இந்த ஆய்வு 1971-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் நடந்த தொலையுணர்வு கருத்தரங்கக் கட்டுரைகளில் இடம்பெற்றது. பிஷாரடியை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, சுருக்கினால் என்ன போகும்?

1974-ல் பெங்களூரைச் சேர்ந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோர் ஒரு கணித உருமாற்றத்தை வெளியிட்டார்கள். 1992-ல் வந்த ஜேபெக் அதன் மேல்தான் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். நிற வேறுபாடுகளைப் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும், ஏனென்றால் நம் கண் வெளிச்சத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். கல்யாண ஆல்பத்துக்கு இது போதும். பிஷாரடி தேடியதோ கண் கவனிக்காத அந்த நிற வேறுபாட்டைத்தான்.

புதிய நியூரல் நெட்வொர்க் வடிவமைப்புகள் இந்த வேலையை வேறு மாதிரி செய்கின்றன. ஒரு வலையமைப்பு படத்தைச் சில எண்களாகச் சுருக்கும்; இன்னொன்று அதை மீண்டும் படமாக்கும். எத்தனை பிட் செலவாகிறது, படம் எவ்வளவு பிசகுகிறது என்ற இரண்டுக்கும் நடுவே இரண்டும் சேர்ந்து பயிற்சி பெறும். இங்கேதான் சிக்கல்: பிசகு என்பதை யார் பார்வையில் அளப்பது? மனிதக் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று பயிற்றுவித்தால், சில வகை வலையமைப்புகள் இல்லாத நுணுக்கத்தையும் நம்பும்படி வரைந்துவிடும். வாடிய ஓலையின் இடத்தில் நல்ல ஓலை வந்து உட்கார்ந்தால் விவசாயிக்கு யார் பதில் சொல்வது? நோயைக் கண்டறியும் தவறையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்தால், அந்தத் தடயத்தை வலையமைப்பு விடாமல் பிடித்துக்கொள்ளக் கற்கும். 2025-ல் வெளியான ஜேபெக் ஏஐ தரநிலை, மனிதர் பார்ப்பதோடு எந்திரம் பார்ப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பிஷாரடி 1970-களில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வுப் பிரிவை நடத்தினார். 1988 மார்ச் 17 அன்று இந்தியாவின் முதல் முழுமையான தொலையுணர்வு செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ ஏவப்பட்டபோது, அதன் கேமராக்களில் அண்மை அகச்சிவப்புப் பட்டை ஒன்றும் இருந்தது. அடுத்த ஆண்டு உலக வானிலை அமைப்பின் ஐஎம்ஓ பரிசு அவருக்குக் கிடைத்தது. 2002 செப்டம்பரில், 93 வயதில் காலமானார்.

உங்கள் போன் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்த வேலைக்குத் தனி கேமரா பொருத்திய ட்ரோன் வேண்டும். இப்போதைக்கு, தோப்புப் படத்தை வேளாண் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால், போட்டோவாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.