ஓவியர் ஜான் கான்ஸ்டபிள்

இங்கிலாந்து நாட்டின் சஃபோக் பகுதியில் ஸ்டூர் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் அருகேயுள்ள ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில், 1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஜான் கான்ஸ்டபிள் பிறந்தார். அவருடைய தந்தையார் தானிய வணிகர். மாவு ஆலைகளுக்கும் உரிமையாளர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென அவர் விரும்பினார். அதற்கிணங்கக் கான்ஸ்டபிள், காற்றின் விசையால் இயங்கும் ஆலையில் சில காலம் பணிபுரிந்தார். காற்றின் போக்கை அறிய வானத்தை நாள்தோறும் உற்றுநோக்கிய பழக்கம் அவரிடம் நிலைத்தது. ஆயினும் அவர் உள்ளம் ஓவியத்தையே நாடியது. தந்தையாரின் இசைவைப் பெற்று, 1799ஆம் ஆண்டு இலண்டனில் இராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் வரைந்தோருக்கே பெருமதிப்பு இருந்தது. கான்ஸ்டபிளோ தம் ஊரின் ஆற்றங்கரையையும் வயல்களையும் வரைந்தார். அவர் வரைந்த 'வைக்கோல் வண்டி' என்னும் ஓவியம் 1824ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. தாய்நாட்டிலோ, அகாதெமியின் முழு உறுப்பினராவதற்கு அவர் தமது 52ஆம் வயது வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பெருமை கிட்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, அவர் மனைவி மரியா காசநோயால் மறைந்தார். ஏழு குழந்தைகள் தாயை இழந்தனர்.

அத்துயரத்தினிடையே, தம் நிலக்காட்சிகளை அச்சுப்படங்களாக வெளியிட அவர் முனைந்தார். டேவிட் லூகாஸ் என்னும் இளஞ்செதுக்குநர் அப்பணியை ஏற்றார். முதலில் உலோகத் தகடு முழுவதும் பற்களுள்ள கருவியால் சொரசொரப்பாக்கப்படும். அதில் மை தடவி அச்சிட்டால் தாள் முழுவதும் கருமையாகும். பின்னர், ஒளி வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவர். அங்கே மை தங்காது, வெண்மை தோன்றும். முகிலும் கதிரொளியும் இவ்வாறே இருளிலிருந்து வெளிப்பட்டன. கான்ஸ்டபிள் மாதிரிப் படிகளை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் திருத்தங்கள் கூறினார். லூகாஸ் பொறுமையுடன் தகடுகளைத் திருத்தினார்.

1830 முதல் 1832 வரை 22 படங்கள் பகுதி பகுதியாக வெளிவந்தன. முகப்புப் படத்தில் கான்ஸ்டபிள் பிறந்த வீடு இடம்பெற்றது. 'வசந்தம்' என்னும் படத்தில், அவர் இளமையில் பணிபுரிந்த ஆலை விரிந்த வானத்தின் கீழ் நின்றது. செலவு முழுவதையும் அவரே ஏற்றார். ஆனால் வாங்கியோர் மிகச் சிலரே. முயற்சி இழப்பில் முடிந்தது. 1837ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அவர் இலண்டனில் காலமானார். அன்று விலைபோகாத அப்படங்களை இன்று அருங்காட்சியகங்கள் போற்றிப் பாதுகாக்கின்றன.

சொற்பொருள்
இசைவு – சம்மதம்
முகில் – மேகம்
முனைந்தார் – முயன்றார்

வினாக்கள்
1. கான்ஸ்டபிளுக்கு வானத்தை உற்றுநோக்கும் பழக்கம் எவ்வாறு ஏற்பட்டது?
2. அச்சுப்படத்தில் ஒளியுள்ள இடங்கள் எவ்வாறு உருவாக்கப்பட்டன?
3. முகப்புப் படமாகத் தாம் பிறந்த வீட்டைக் கான்ஸ்டபிள் ஏன் தேர்ந்தெடுத்திருப்பார்? உம் கருத்தை எழுதுக.