சீட்டறிந்த செல்வர் சர் ஜான் சக்ளிங்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த போடிநாயக்கனூருக்குச் சென்றோர், அவ்வூர்த் தெருக்களில் ஏலத்தின் நறுமணம் தம்மை எதிர்கொள்ளக் கண்டிருப்பர். மலைமேல் விளைந்த காய்கள் உலர்த்தப்பெற்று மூட்டை மூட்டையாக அங்கு வந்து இறங்குகின்றன. கிடங்குகளில் மகளிர் வரிசையாக அமர்ந்து, பருத்துப் பச்சை நிறம் மாறாத காய்களை ஒருபுறமும், சிறுத்தவற்றை மற்றொருபுறமும், வெடித்தவற்றை வேறொருபுறமுமாகப் பிரித்து வைப்பர். எதனைக் கொள்வது, எதனை ஒதுக்குவது என்னும் வினாவே அவ்வூர் வாணிகத்தின் உயிர்நிலை. அதே வினாவைச் சீட்டுக்கட்டினுள் வைத்து ஒரு விளையாட்டாக அமைத்தவர் எனப் போற்றப்படும் ஆங்கிலக் கவிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

அவர் பெயரை நாம் அறிய நேர்ந்ததும் அம்மலையினிடத்தேதான். சென்ற கோடை விடுமுறையில் போடிமெட்டுச் சாலையின் கொண்டை வளைவுகளைக் கடந்து, ஏலமலைச் சரிவிலுள்ள தோட்டமொன்றில் சில நாட்கள் தங்கினோம். மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுதில், அத்தோட்டத்தில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், வரிசை வரிசையாகத் துளைகள் இட்ட மரப்பலகை ஒன்றையும் பழைய சீட்டுக்கட்டொன்றையும் எடுத்து வந்தார். பலகையின் துளைகளில் சிறு முளைகளைச் செருகி எண்ணிக்கை குறித்து ஆடும் அவ்வாட்டத்தின் பெயர் கிரிபேஜ். பணயம் ஏதும் வையாது, பொழுதுபோக்காக அவர் அதனை நமக்குக் கற்பித்தார்.

ஆட்டத்தின் முறை இது. இருவர் ஆடுவர். ஒவ்வொருவருக்கும் 6 சீட்டுகள் பகிரப்படும்; அவற்றுள் 4 சீட்டுகளைக் கைக்கொண்டு 2 சீட்டுகளை ஒதுக்கவேண்டும். இருவரும் ஒதுக்கிய நான்கும் சேர்ந்தது கிரிப் எனப்படும். அது சீட்டுப் பகிர்ந்தவருக்கே உரியது. பின்னர்க் கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திறப்பர். அஃது இருவர் கைக்கும் பொது. அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர் சீட்டை இறக்குவர். இறக்கிய சீட்டுகளின் கூட்டுத்தொகையைச் சரியாக 15 அல்லது 31 ஆக்குபவர் 2 எண் பெறுவர். இறக்கி முடிந்தபின் கைச்சீட்டுகளை எண்ணுவர். கூட்டினால் 15 வரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2 எண், இணைக்கு 2 எண், அடுத்தடுத்து வரும் வரிசைக்குச் சீட்டொன்றுக்கு 1 எண். பகிராதவர் கை முதலிலும், பகிர்ந்தவர் கை அடுத்தும், கிரிப் இறுதியிலும் எண்ணப்படும். முதலில் 121 எட்டியவர் வென்றவர்.

நாம் 118 எண்ணில் நின்றோம். முதியவர் 117-இல் நின்றார். சீட்டுப் பகிரும் முறை நமது. நம் கைக்கு வந்தவை 2, 3, 5, 10, ஜாக்கி, ராணி ஆகியவை. ஐந்தோடு பத்தும், ஐந்தோடு ஜாக்கியும், ஐந்தோடு ராணியும் பதினைந்தாதலால் 6 எண். பத்து, ஜாக்கி, ராணி என்னும் வரிசைக்கு 3 எண். ஆக 9 எண் தரும் கை என மகிழ்ந்து, இரண்டையும் மூன்றையும் ஒதுக்கினோம். சீட்டிறக்கியதில் நமக்குக் கிடைத்தது 1 எண்ணே. எண்ணும் முறை முதலில் அவருடையதாதலின், அவர் தமக்கு வேண்டியவற்றை எண்ணி ஆட்டத்தை முடித்தார். நம் ஒன்பதும் எண்ணப்படாமலே கையில் கிடந்தன.

பிழை யாதென்பதை அவர் பொறுமையோடு விளக்கினார். நமக்கு வேண்டியிருந்தவை 3 எண்களே. 2, 3, 5, 10 என்னும் சீட்டுகளை வைத்திருந்தால், ஐந்தும் பத்தும் பதினைந்து. இரண்டும் மூன்றும் பத்தும் பதினைந்து. ஆக 4 எண். மூன்று வேண்டியவனுக்கு நான்கே போதும். ஒன்பதால் மிகுதிப் பயன் ஒன்றுமில்லை. சிறிய சீட்டுகளோ, இறக்கும்பொழுதே பதினைந்தையும் முப்பத்தொன்றையும் எட்ட உதவுவன. வெற்றி உறுதி என்பதன்று. வெல்லுதற்கு ஒரு வழியேனும் இருந்திருக்கும். தொடக்கத்தில் மதிப்பு மிக்க சீட்டை வைத்துக்கொள்வது அறிவு. முடிவு நெருங்குங்கால் தேவைக்கு உரிய சீட்டை வைத்துக்கொள்வதே அறிவு. இவ்வளவு நுட்பமான ஆட்டத்தை அமைத்தவர் யார் என வினவியபொழுதே சர் ஜான் சக்ளிங் என்னும் பெயர் நம் செவியில் விழுந்தது. கல்லூரிக்கு மீண்டபின் அவர் வரலாற்றைத் தேடிப் பயின்றோம்.

சக்ளிங் 1609-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த டுவிக்கனம் என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்து, அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் பெயரும் ஜான் சக்ளிங் என்பதே. அவர் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் அமைச்சராகவும், பின்னர் அரண்மனை அதிகாரியாகவும் விளங்கினார். தாயாரின் உடன்பிறந்தாராகிய லயனல் கிரான்ஃபீல்ட் அந்நாட்டின் நிதித்தலைமை பூண்டிருந்தவர். ஆதலின் செல்வமும் செல்வாக்கும் தொட்டிலிலேயே சக்ளிங்கைச் சூழ்ந்திருந்தன. ஆயினும் நான்கு வயதில் தாயை இழந்தார். 1623-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டிலேயே, தாய்மாமனைப் பாராளுமன்றம் குற்றஞ்சாட்டிப் பதவியினின்றும் வீழ்த்தியது. உயர்ந்த நிலை எத்துணை விரைவில் சரியும் என்பதற்குத் தம் குடும்பத்திலேயே அவர் சான்று கண்டார். கண்டும் அதனை உளங்கொண்டாரல்லர்.

1627-இல் தந்தையார் இறந்தனர். பரந்த நிலவுடைமை பதினெட்டு வயது இளைஞரின் கைக்கு வந்தது. அவர் ஐரோப்பிய நாடுகளில் சுற்றினார். 1630-இல் வீரர் பட்டம் பெற்றார். 1631-இல் சுவீடன் வேந்தராகிய கஸ்டாவஸ் அடால்பஸிடம் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவோடு ஜெர்மனிக்குப் போந்து, அங்கு நிகழ்ந்த போரையும் கண்டு, மறு ஆண்டில் நாடு திரும்பினார். முதலாம் சார்லஸ் மன்னரின் அவையில் அவரைப்போல் நாநலமும் நகைச்சுவையும் உடையார் சிலரே இருந்தனர்.

அந்நாளில்தான் சூதாட்டம் அவரைப் பற்றியது. அவர் காலத்தை அடுத்து வாழ்ந்து, பெரியோர் பலருடைய வரலாறுகளைக் குறித்துவைத்த ஜான் ஆப்ரி என்பார் தரும் செய்திகள் சுவையானவை. சக்ளிங் படுக்கையிலிருந்தவாறே தனியே சீட்டுகளைப் பரப்பி, எச்சீட்டை எவ்வாறு ஆள்வது நலம் என ஆராய்ந்து பழகுவாராம். கிரிபேஜ் ஆட்டத்தை அமைத்தவர் அவரே என்பதும் ஆப்ரியின் கூற்றே. அதற்கு முன்னரே வழங்கிய நாடி என்னும் ஆட்டத்தினின்றும் இது வளர்ந்தது என ஆராய்ச்சியாளர் கூறுவர். பழைய முறையில் ஒருவருக்கு 5 சீட்டுகளே பகிர்ந்து, 61 எண்ணோடு ஆட்டத்தை முடிப்பர். சீட்டு விழுவது நற்பேறு. விழுந்ததில் எதனை ஒதுக்குவது என்பது அறிவு. இவ்விரண்டையும் ஒருங்கே கோத்ததே இவ்வாட்டத்தின் சிறப்பு.

அவ்வறிவு அவருக்கு ஆட்டமேடையில் இருந்தது. அதற்கு வெளியே இல்லை. இலண்டன் பிக்காடில்லியில் புல்தரைப் பந்தாட்டக் களத்திற்கு அவருடைய சகோதரிமார் அழுதுகொண்டே வந்தனர் என ஆப்ரி குறிக்கின்றார். தமக்குரிய சீதனப் பொருளையும் அண்ணன் பணயத்தில் இழந்துவிடுவாரோ என்பதே அவர்களுடைய அச்சம். மற்றுமொரு மாசும் அவர்மேல் உண்டு. தமக்கு மட்டும் தெரியும் அடையாளமிட்ட சீட்டுக்கட்டுகளை நாட்டின் சூதாட்ட விடுதிகளுக்கெல்லாம் அனுப்பி, அவ்வழியே 20,000 பவுன் ஈட்டினார் என்பர். வள்ளுவனார் சூதினைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தமைக்குக் காரணம் இத்தகைய வாழ்க்கைகளே. நளனும் தருமனும் வஞ்சிக்கப்பட்டு இழந்தனர். இவரோ வஞ்சித்து ஈட்டினார் என்னும் பழியையும் சுமந்தார்.

இனி, அவருடைய புலமையைக் காண்போம். காதலரை எள்ளியும் தேற்றியும் அவர் எழுதிய சிறு பாட்டுகள், பேச்சுப்போல எளிமையாகவும் விரைவாகவும் ஓடுவன. அவற்றை அவர் பெரிதாக மதித்திலர். ஓய்வுநேரத்துக் கைவேலைபோல எழுதி, நண்பர் கையில் விட்டுவிடுவார். பெரிதாக மதித்தது அக்லாரா என்னும் தம் நாடகத்தை. அது 1638-ஆம் ஆண்டை ஒட்டி மேடையேறியபொழுது, போலிச் சரிகையைத் தவிர்த்து உண்மைப் பொன், வெள்ளிச் சரிகைகளாலேயே நடிகருக்கு ஆடை அமைத்தார்; செலவு முழுவதையும் தாமே ஏற்றார். அந்நாடகத்திற்கு முதலில் அவலமான முடிவொன்றை எழுதினார். பின்னர் அரசர் முன்னிலையில் நடிப்பதற்காக இன்பமான முடிவொன்றையும் எழுதிச் சேர்த்தார். ஒரே நாடகத்திற்கு இரண்டு ஐந்தாம் அங்கங்கள்! கதைக்கு முடிவை மாற்றியமைத்த அப்புலவர், தம் வாழ்க்கைக்கும் அவ்வாறு செய்யலாம் என எண்ணினார் போலும்.

1639-இல் சார்லஸ் மன்னர் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தார். சக்ளிங் 100 குதிரை வீரரைத் தம் செலவிலேயே திரட்டினார். அவர்களுக்கு வெண்ணிறச் சட்டையும், செந்நிற மேலங்கியும், இறகு சூடிய தொப்பியும் அளித்தார். இதற்கு 12,000 பவுன் ஆயிற்று என்பர். அப்படையெடுப்போ பெரும்போர் ஏதும் இன்றிப் பின்வாங்கலோடு முடிந்தது. செந்நிற அங்கிகள் தெருப்பாட்டுக்காரருக்கு நகைப்பொருளாயின. கையிலிருந்த உயர்ந்த சீட்டுகளையெல்லாம் அவர் ஒரே ஆட்டத்தில் மேடைமேல் பரப்பினார். அவற்றால் ஓர் எண்ணும் ஏறவில்லை.

அடுத்த ஆண்டில் அவர் பாராளுமன்ற உறுப்பினராயினார். ஆனால் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே பகை முற்றிக்கொண்டிருந்தது. 1641-ஆம் ஆண்டின் இளவேனிலில், மன்னரின் பெருந்துணைவராகிய ஸ்டிராஃபர்ட் பிரபு இலண்டன் கோபுரச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தார். அவரைப் படைவலியால் மீட்கச் சிலர் சூழ்ச்சி செய்தனர். சக்ளிங்கும் அவர்களுள் ஒருவர். ஆட்டம் முடிவை நெருங்கிய நேரம் அது. அவர் கையில் அப்பொழுது எஞ்சியிருந்தவை சில: குறைந்துபோன செல்வம், கூரிய அறிவு, பாடும் வன்மை, முப்பத்திரண்டு வயதின் இளமை. அமைதியாக நாட்டுப்புறத்துக்கு விலகியிருந்தால் பின்னிரண்டும் நெடுங்காலம் அவருக்கு உதவியிருக்கும். அவரோ அவற்றை ஒதுக்கிவிட்டு, அரசவைப் பெருமை என்னும் உயர்ந்த சீட்டையே பற்றிக்கொண்டார்.

மன்னரைக் கைவிடாமை அன்றோ இது என ஒருவர் வினவலாம். அதனை நாம் மறுக்கவில்லை. தம் தலைவருக்காக அனைத்தையும் இழக்கத் துணிவது இழிவன்று. ஆயினும் பணயத்தில் ஆடிப் பழகிய கை, உண்மையான கடமையைச் செய்யுங்காலும் அதனைப் பணயமாகவே வைத்து ஆடியது என்பதே நம் வருத்தம். பாராளுமன்றம் முந்திக்கொண்டது, சூழ்ச்சி வெளிப்பட்டது. எண்ணும் முறை எதிரிக்கே முதலில் வாய்த்தது. மே மாதத்தில் சக்ளிங் பிரான்சு நாட்டிற்கு ஓடினார். அம்மாதம் 12-ஆம் நாள் ஸ்டிராஃபர்ட் தலை வெட்டுண்டார்.

பாரிஸ் மாநகரில் சக்ளிங் நெடுநாள் வாழ்ந்திலர். முப்பத்தைந்து வயதும் நிரம்பாமல் அங்கேயே இறந்தார். வறுமைக்கு அஞ்சித் தாமே நஞ்சுண்டார் என்கின்றார் ஆப்ரி. தன் பங்கைப் பெற்றுத் தூரதேசம் சென்று செலவழித்த இளைய குமாரனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். அவனுக்கு எழுந்து திரும்பிச் செல்ல ஒரு தந்தை வீடு இருந்தது. சக்ளிங்குக்கோ கடலுக்கு அப்பாலிருந்த தாய்நாட்டின் கதவு மூடியே கிடந்தது.

எனினும் அவருடைய வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. 1646-ஆம் ஆண்டில், அவர் விட்டுச்சென்ற எழுத்துகளைத் தொகுத்துப் பொற்றுணுக்குகள் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரோடு வெளியிட்டனர். நிலம் போயிற்று; வீரர் பட்டம் அவரோடு மறைந்தது; செந்நிற அங்கிகள் மடிந்தன; பொற்சரிகை நாடகத்தை இன்று மேடையேற்றுவார் அரியர். அவர் பொருட்படுத்தாமல் வீசிய சிறு பாட்டுகளை மட்டும் ஆங்கில இலக்கியம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர். படுக்கையில் கிடந்து பொழுதுபோக்காக ஆராய்ந்த ஆட்டமோ கடல் கடந்து, ஏலமலைச் சரிவில் மழை பெய்த ஒரு மாலைவரை வந்துசேர்ந்தது. கிரிப்பில் ஒதுக்கிய சீட்டுகள் இறுதியில் எண்ணப்படுவதுபோல, அவர் ஒதுக்கியவையே அவருக்காக இறுதியில் எண்ணப்பட்டன. அவற்றை அவர் தாமே அறிந்து கைக்கொண்டிருந்தால் அவ்வாழ்க்கை எத்துணை நீண்டு, எத்துணைச் சிறந்திருக்கும்!

போடிக் கிடங்குகளில் வெடித்த காய்களை மகளிர் எறிந்துவிடுவதில்லை. அவற்றின் உள்ளிருக்கும் ஏலரிசியை எடுத்துத் தனியே விலைப்படுத்துவர். மணமெல்லாம் அவ்வரிசியில்தானே உள்ளது. காயின் பருமனைக் கண்டு மயங்காத அக்கைகளின் அறிவு, அரசவையில் திகழ்ந்த சக்ளிங்குக்கு வாய்க்கவில்லை.

மாணவ நண்பர்களே, நம்முள் பலருக்குக் கல்லூரி வாழ்க்கை இவ்வாண்டோடு முடிகின்றது. கையிலுள்ள அனைத்தையும் எடுத்துச் செல்ல எவராலும் இயலாது. பரிசும் பட்டமும் பெயரும் உயர்ந்த சீட்டுகளாகத் தோன்றும். நண்பர் ஒருவருடைய உண்மை, நாள்தோறும் படிக்கும் பழக்கம், மாலை வழிபாட்டின் அமைதி ஆகியவை இரண்டும் மூன்றும்போலச் சிறியனவாகத் தோன்றும். ஒதுக்குமுன் நமக்கு வேண்டிய எண் எத்தனை என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. ஒன்பதைக் கையில் வைத்துக்கொண்டே தோற்ற நாம், சக்ளிங்கின் வரலாற்றினின்றும் கற்றது இதுவே.