நோயின் பொதுமுகம்

1907ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செலியே, மருத்துவரான தந்தையின் வழியைப் பின்பற்றிப் பிராகா நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஒருநாள் பேராசிரியர் வெவ்வேறு நோயாளர் சிலரை மாணவர்முன் அழைத்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அடையாளங்களை விளக்கினார். செலியேவின் கண்களோ அவர்களிடையே இருந்த ஒற்றுமையைக் கண்டன. பசியின்மை, உடல்மெலிவு, சோர்வு ஆகியன எல்லாரிடமும் இருந்தன. நோய் எதுவாயினும் நோயுற்றவர் தோற்றம் ஒன்றாக இருப்பது ஏன்? கேட்டால் நகைப்பரோ என்று எண்ணத்தக்க அளவிற்கு எளிய வினா அது.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப்பின், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, அண்டகச் சாற்றை எலிகளுக்கு ஊசிவழிச் செலுத்தினார். அட்ரினல் சுரப்பியின் புறணி பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண்கள் தோன்றின. தேடியது கிடைத்தது என மகிழ்ந்தார். ஆயினும், சாறு தூய்மை குறையக் குறைய விளைவு மிகுந்தது. ஐயுற்று ஃபார்மலினைச் செலுத்திப் பார்த்தார். அதே மாற்றங்கள்! ஹார்மோன் கனவு கலைந்தது. மனம் தளர்ந்திருந்த நாள்களில்தான் பழைய வினா நினைவில் எழுந்தது. குளிர், காயம், ஓயாத உடலுழைப்பு என எதற்கு ஆட்படுத்தினும் எலிகளின் உடல் ஒரேவகையாக மாறக் கண்டார். 1936இல் 'நேச்சர்' இதழில் சிறு கடிதமாக அதனை வெளியிட்டார்.

இடர் நேர்ந்ததும் பிட்யூட்டரி சுரப்பி தூண்ட, அட்ரினல் புறணி கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. குருதியில் சர்க்கரை உயர்கிறது, அழற்சி தணிகிறது. இது எச்சரிக்கைநிலை. இடர் தொடரின் உடல் பழகி எதிர்த்துநிற்கிறது. எலிகள் அவ்வாறு பல வாரங்கள் நலமுடன் இருப்பனபோலவே தோன்றின; ஒன்று முதல் மூன்று திங்களுக்குப்பின் தளர்ந்து மடிந்தன.

ஹார்மோன்கள் தீர்ந்துபோவதே இத்தளர்ச்சிக்குக் காரணம் என்று செலியே கருதினார். இறுதிவரை ஆய்விலேயே மூழ்கியிருந்த அவர், 1982இல் மாண்ட்ரியலில் மறைந்தார். அவருடைய அக்கருத்தைப் பின்வந்தோர் திருத்தினர்: பெரும்பாலும் ஹார்மோன் தீர்வதில்லை, காக்கச் சுரந்த அதுவே ஓயாது சுரப்பதால், குருதியழுத்தத்தை உயர்த்தி, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, உடலை நலிவிக்கிறது.