சாமானியர்களை விமானத்தில் ஏற்றிய ஜுவான் டிரிப்.. பிசினஸ் கிளாஸ் வந்தது எப்படி தெரியுமா?

ஃபேமிலி டூருக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் தேடுறீங்களா? ஒரு காலத்துல கடல் தாண்டிப் பறக்கிறதே பணக்காரங்களுக்கு மட்டும்தான். அதை மாத்தினவர் ஜுவான் டிரிப். யார் இவர்?

1899-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். 1927-ல் பறக்கத் தொடங்கிய பான் ஆம் விமான நிறுவனத்தை உலகம் முழுக்க கொண்டு போனவர்.

டிக்கெட் விலையைக் குறைச்சா சாதாரணக் குடும்பமும் பறக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால், அப்போது நிறுவனங்கள் கூடிப் பேசித்தான் சர்வதேசக் கட்டணத்தை முடிவு செய்யும். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை, டிரிப்பும் விடவில்லை. கடைசியில் 1952-ல் அட்லாண்டிக் வழித்தடத்தில் டூரிஸ்ட் கிளாஸ் வந்தது.

அடுத்து 1966-ல், வெறும் திட்டமாக மட்டுமே இருந்த போயிங் 747 விமானங்கள் 25-க்கு ஆர்டர் கொடுத்தார். மதிப்பு சுமார் 52.5 கோடி டாலர். தப்பினால் கம்பெனியே காலி! 1970 ஜனவரியில் அந்த ஜம்போ ஜெட் நியூயார்க்கில் இருந்து லண்டனுக்குப் பறந்தது.

பின்வரிசைகளில் தள்ளுபடி டிக்கெட் கூட்டம் சேர்ந்ததும், முழுக் கட்டணம் கட்டிய அலுவலகப் பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்காக 1970-களின் இறுதியில் வந்ததுதான் பிசினஸ் கிளாஸ்.

1981-ல் டிரிப் மறைந்தார். 1991-ல் பான் ஆம் மூடப்பட்டது. அவர் போராடிக் கொண்டுவந்த மலிவு சீட் மட்டும் இன்னைக்கும் பறந்துகிட்டே இருக்கு.