எம். விசுவநாதன் (மருத்துவர்)

பேராசிரியர் எம். விசுவநாதன் (இறப்பு: 1996) சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

மருத்துவப் பணி

1921 இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. எனினும் அதன் பின்னர் நெடுங்காலம் இந்திய மருத்துவமனைகளில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவுகள் அரிதாகவே இருந்தன. வாழ்நாள் முழுதும் தொடரும் இந்நோய்க்குத் தொடர் கண்காணிப்பு தேவை. விசுவநாதன் 1948 இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கான தனிப்பிரிவைத் தொடங்கினார். 1954 இல் இராயபுரத்தில் பொது மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1971 இல் அது நீரிழிவுக்கு மட்டுமேயான மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அதனுடன் ஆய்வு மையமும் அமைக்கப்பட்டது.

உணவுமுறை

அக்காலத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு மாவுச்சத்தைப் பெரிதும் குறைத்த உணவே பரிந்துரைக்கப்பட்டு வந்தது. சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட எளிய குடும்பத்தினருக்கு அதைக் கடைப்பிடிப்பது கடினம். விசுவநாதனும் அவரது குழுவினரும் கலோரி அளவைக் கட்டுப்படுத்தி, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை 1970களில் ஆராய்ந்து பரிந்துரைத்தனர். பயறு, கீரை, காய்கறிகள் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து, உணவிலிருந்து குளுக்கோசு குருதியில் கலக்கும் விரைவைக் குறைக்கிறது.

மரபுவழி ஆய்வு

தாய், தந்தை இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருப்பின், பிள்ளைகளுக்கும் அந்நோய் மிகுதியாகக் காணப்படுவதை இவரது குழு 1985 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. அறிகுறி தோன்றும் முன்னரே இத்தகையோர் குருதிச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

மறைவு

விசுவநாதன் 1996 இல் மறைந்தார். இராயபுரம் மருத்துவமனை அவரது பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி எம். வி. நீரிழிவு மருத்துவமனையாக இயங்கி வருகிறது.