மூணு பக்க அளவு போதும்... முக்கோணத்தின் பரப்பளவு ரெடி! யார் இந்த பிரம்மகுப்தர்?

பூஜ்ஜியத்தை வைத்துக் கூட்ட, கழிக்க விதி எழுதியவர் என்றுதான் பிரம்மகுப்தரைப் பலருக்கும் தெரியும். ஆனா, முக்கோணக் கணக்கிலும் அவர் பெரிய ஆள்!

யார் இவர்?

கி.பி. 598-ல் பிறந்தவர். ராஜஸ்தானில் இன்று பின்மால் எனப்படும் பில்லமாலாவைச் சேர்ந்தவர். 628-ல், 30 வயதிலேயே 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' நூலை முடித்துவிட்டார். அது வானியல் நூல்தான். ஆனா 12-வது அத்தியாயம் முழுக்க கணக்கு. எல்லாமே செய்யுள் வடிவம்.

என்ன சிக்கல்?

பரப்பளவு கண்டுபிடிக்க அன்று ஒரு குத்துமதிப்பு வழி இருந்தது. அடிப்பக்கத்தின் பாதியை, மற்ற இரண்டு பக்கங்களின் சராசரியால் பெருக்க வேண்டும். பக்கங்கள் 13, 14, 15 என்றால், 14-ஐ அடிப்பக்கமாக வைத்து 7 × 14 = 98. ஆனால் உண்மையான பரப்பளவு 84 தான்! அது ஒரு வயலாக இருந்தால், இல்லாத நிலத்துக்கும் சேர்த்து காசு கொடுக்க வேண்டியதுதான்.

குத்துமதிப்பு வழியையும் துல்லியமான வழியையும் பிரம்மகுப்தர் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்.

துல்லிய வழி எப்படி?

- மூன்று பக்கங்களையும் கூட்டி பாதியாக்கினால் 21.
- அதில் ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6.
- 21 × 8 × 7 × 6 = 7056. இதன் வர்க்கமூலம் 84.

உயரத்தை அளக்கவே தேவையில்லை. முக்கோணத்துக்கான இந்த வழி அவருக்கு முன்பே அலெக்சாண்டிரியாவின் ஹீரோனுக்குத் தெரியும். பிரம்மகுப்தர் அதை நாற்கரத்துக்கும் கொண்டுபோனார். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் அது சரியாக வரும்.

முக்கோணத்தில் எத்தனை வகை?

மூன்று பக்கமும் சமம் என்றால் சமபக்க முக்கோணம். பக்கங்கள் முழு எண்ணாக இருந்தால், இதன் பரப்பளவு முழு எண்ணாக வரவே வராது.

இரண்டு பக்கம் சமம் என்றால் இருசமபக்க முக்கோணம். 5, 5, 6 எடுத்தால் உயரம் 4, பரப்பளவு 12. இப்படி மீதமில்லாமல் வரும் பக்கங்களைக் கண்டுபிடிக்க பிரம்மகுப்தர் விதி கொடுத்தார்.

மூன்றும் வேறு வேறு என்றால் அசமபக்க முக்கோணம். அதற்கும் அவரிடம் விதி இருக்கு. 5-12-13, 9-12-15 என்ற இரண்டு செங்கோண முக்கோணங்களை 12 என்ற பக்கத்தில் ஒட்டினால், 13-14-15 கிடைச்சிடும்!

கடைசியில் என்ன ஆனது?

இளம் வயதில் ஆரியபட்டரைக் கடுமையாக விமர்சித்தவர் பிரம்மகுப்தர். ஆனால் 665-ல், 67 வயதில் எழுதிய 'கண்டகாத்யகம்' நூலுக்கு ஆரியபட்டரின் ஒரு முறையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் அவரது கணக்குகள் பாக்தாத் வரை போய், அரபு மொழியிலும் நுழைந்தன.