முதுகில் போடும் மயக்க ஊசி: 9 நாள் தலைவலியில் ஆகஸ்ட் பியர் கற்ற பாடம்

பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கேட்கிறார்: முழு மயக்கமா, முதுகில் ஊசியா? கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள்தான். இந்த இரண்டாவது வழி எப்படி வந்தது? அதற்கு 1898-ல் ஜெர்மனியின் கீல் நகருக்குப் போகணும்.

யார் இந்த பியர்?

1861-ல் ஹெல்சன் என்ற ஊரில் பிறந்தவர் ஆகஸ்ட் பியர். கீலில் அறுவை சிகிச்சை நிபுணர். அன்று முழு மயக்கம் என்றால் ஈதர் அல்லது குளோரோஃபார்ம். அதனால் வாந்தி, மூச்சுத் திணறல், சில நேரம் மரணம்கூட. அதே ஊரில் ஹென்ரிக் குவின்கே, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுக்கும் முறையை 1891-ல் விவரித்திருந்தார். நீரை எடுக்கும் வழியிலேயே மருந்தை உள்ளே செலுத்தினால்? இதுதான் பியரின் யோசனை.

1898 ஆகஸ்ட் 16. கணுக்காலில் காசநோய் தாக்கிய 34 வயதுத் தொழிலாளி. முன்பு முழு மயக்கம் கொடுத்தபோது ரொம்பவே அவதிப்பட்டவர். 15 மில்லிகிராம் கோகெய்ன் முதுகில் இறங்கியது. வலியில்லாமல் ஆபரேஷன் முடிந்தது. ஆனால் பிறகு வாந்தி, தலைவலி.

தன் மேலேயே சோதனை

காரணம் தெரிய, ஆகஸ்ட் 24-ல் பியர் தன் முதுகையே காட்டினார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைக் குத்தினார். சிரிஞ்ச் அதில் பொருந்தவில்லை. மருந்து சிந்தியது, தண்டுவட நீரும் ஒழுகியது. பிறகு ஹில்டெபிராண்ட் படுத்தார், பியர் 5 மில்லிகிராம் செலுத்தினார். ஊசிக் குத்து, எரியும் சுருட்டு, முழங்காலுக்குக் கீழே சுத்தியல் அடி... எதுவுமே வலிக்கவில்லை. 45 நிமிடத்தில் உணர்வு திரும்பியது.

அன்றிரவு ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாட்டம். ஆனால் ஹில்டெபிராண்டுக்கு வாந்தி, தலைவலி, காலெல்லாம் ரத்தக்கட்டு. பியருக்கு 9 நாள் தலைவலி. படுத்தால் குறையும், எழுந்தால் கூடும். ஊசி போட்ட ஓட்டை வழியாக நீர் கசிவதுதான் காரணம். இன்று ஊசிகள் மிக மெல்லியவை. அதோடு, இந்தத் தலைவலி இளைஞர்களைவிட முதியவர்களுக்குக் குறைவாகவே வருகிறது.

பிறகு என்ன ஆச்சு?

1885-லேயே நியூயார்க்கில் லியோனார்ட் கார்னிங் இதை முயன்றிருந்ததால், முதல்வர் யார் என்று சர்ச்சை. ஹில்டெபிராண்டே பின்னாளில் கார்னிங் பக்கம் சாய்ந்தார். பியரோ, கோகெய்ன் ஆபத்தானது என்று அதை நிறுத்திவிட்டு, பாதுகாப்பான மருந்து வரும்வரை காத்திருந்தார். 1905-ல் புரோக்கெய்ன் பயன்பாட்டுக்கு வந்தது. 1908-ல் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் 'பியர் பிளாக்' முறையையும் தந்தார். 1949-ல் இறந்தார்.

இன்று எது நல்லது?

இப்போது அதிகம் பயன்படுவது புபிவக்கெய்ன். முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம், அதனால் அளவைக் குறைப்பார்கள். முதுகு ஊசிதான் எப்போதும் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். டேட்டா அப்படிச் சொல்லவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்கா, கனடாவில் நடந்த ரீகெய்ன் ஆய்வு 2021-ல் வெளியானது. 60 நாளில் இறந்தவர்களும் தனியாக நடக்க முடியாதவர்களும் சேர்த்து: முதுகு ஊசியில் 18.5%, முழு மயக்கத்தில் 18%. கிட்டத்தட்ட சமம்.

அதனால் எது பெஸ்ட் என்று மட்டும் கேட்காதீங்க. பாட்டி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இதய வால்வு சுருங்கியிருக்கா, முன்பு மயக்க மருந்து ஒத்துக்காமல் போயிருக்கா என்பதை நீங்களே முதலில் டாக்டரிடம் சொல்லுங்க. கீலில் அந்தத் தொழிலாளிக்கு வழி மாறியதும் இந்தக் கடைசி விவரத்தால்தான்.